மிகாசா கப்பலில் எது அசல்?

டோக்கியோவின் ஷினகாவா நிலையத்தில் கெய்க்யூ விரைவு ரயில் ஏறினால் யோகோசுகா-சூவோ வந்து சேர முக்கால் மணி நேரம். டிக்கெட் 700 யென்னைத் தாண்டவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இது கடற்படை ஊர் என்று புரிந்துவிடுகிறது. கடைக்குக் கடை கறி சாதம் படம் போட்ட பலகை. கழுகும் டிராகனும் எம்பிராய்டரி செய்த பளபள ஜாக்கெட்டுகள் கம்பியில் தொங்குகின்றன. எதிரே வருகிறவர்களில் நான்கில் ஒருவர் அமெரிக்க மாலுமி. பக்கத்திலேயே அமெரிக்கக் கடற்படைத் தளம். கடலைப் பார்த்து கால் மணி நேரம் நடந்தால் மிகாசா பூங்கா.

நான் பார்க்கப் போனது மிகாசா என்ற போர்க்கப்பலை. 1905 மே மாதம் சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படையை ஜப்பான் நொறுக்கியபோது தலைமைக் கப்பலாக இருந்தது இதுதான். அந்தத் தலைமுறைப் பெரிய போர்க்கப்பல்களில் உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பதும் இது ஒன்றுதான். அதே சமயம், இப்போது நிற்பதில் பாதி பிற்காலத்தில் செய்து வைத்தது என்றும் படித்திருந்தேன். எந்தப் பாதி என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

பூங்காவில் அட்மிரல் டோகோ ஹெய்ஹாச்சிரோவின் வெண்கலச் சிலை. அவர் முதுகுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கப்பல். இரண்டு புகைபோக்கி, இரண்டு கொடிமரம், அணியத்தின் நுனியில் தங்க நிறச் செவ்வந்திப் பூ முத்திரை. கிட்டே போய் அடிப்பக்கம் குனிந்து பார்த்தேன். அடிப்பக்கமே இல்லை. நீர்மட்டக் கோடு வரை கப்பல் கான்கிரீட்டிலும் மண்ணிலும் புதைந்து நிற்கிறது. கரையில் அலை அடிக்கிறது, கப்பல் ஒரு நூல் அசையவில்லை.

இதற்குக் காரணம் 1922 வாஷிங்டன் ஒப்பந்தம். பெரிய போர்க்கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வல்லரசுகள் கையெழுத்துப் போட்டபோது, மிகாசாவும் உடைக்கப்பட வேண்டிய பட்டியலில் வந்தது. நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்கிறோம் என்று ஜப்பான் கேட்டது. இனி ஒருபோதும் போருக்குப் போக முடியாதபடி செய்துவிட்டால் சரி என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டன. அப்படித்தான் கப்பலுக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். 1926 நவம்பர் 12 அன்று பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ, டோகோ இருவர் முன்னிலையிலும் விழா நடந்தது.

நான் போன அன்று நுழைவுக் கட்டணம் 600 யென். சாய்வுப் பாலம் ஏறி மேல்தளத்துக்கு வந்தேன். காலடியில் மரப்பலகை. கப்பலின் நீளம் சுமார் 132 மீட்டர், அகலம் 23 மீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. இதற்குள் 860 பேர், 25 கொதிகலன்கள், 1,500 டன் நிலக்கரி, அதற்கு மேல் வெடிமருந்து. இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி, 1900 நவம்பரில் வெள்ளோட்டம் விட்ட கப்பல் இது. விலை 8,80,000 பவுண்டு. அன்று ஜப்பானால் இவ்வளவு பெரிய கப்பலைச் சொந்தமாகக் கட்ட முடியாது.

முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு பெரிய பீரங்கிகள். குழாயின் வாய் 30.5 சென்டிமீட்டர். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 390 கிலோ. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தொப்பி போட்ட முதியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். தன்னார்வ வழிகாட்டி. ஆங்கிலம் நிதானமாகப் பேசினார்.

"ஐயா, இந்தப் பீரங்கி சுஷிமாவில் சுட்ட பீரங்கியா?" என்று கேட்டேன்.

"இல்லை, இது மாதிரி. அசலை எடுத்துவிட்டார்கள்."

"புகைபோக்கி?"

"அதுவும் பிறகு செய்தது."

"கொடிமரம்?"

சிரித்துவிட்டார். "உடம்பு அசல். அதைப் பாருங்கள்" என்று தளத்தின் ஓரத்தைக் காட்டினார்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு நடந்தது இது. சுஷிமாவின் நினைவை அழித்துவிட வேண்டும் என்று சோவியத் தரப்பு வற்புறுத்தியது. கப்பலை முழுக்க உடைக்கவில்லை. ஆனால் பீரங்கி, புகைபோக்கி, கொடிமரம், மேற்கட்டுமானம் எல்லாம் கழற்றப்பட்டன. மொட்டையாக நின்ற கப்பலின் மேல் டான்ஸ் ஹால் வந்தது, மீன் காட்சியகம் வந்தது. விற்கக்கூடிய உலோகமும் பலகையும் திருட்டுப் போயின. 1955-இல், மிகாசா பிறந்த பாரோ ஊர்க்காரரான ஜான் ரூபின், கப்பலின் கதியைப் பார்த்து வருந்தி ஜப்பானின் ஆங்கில நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸும் சேர்ந்துகொண்டார். பசிபிக் போரில் ஜப்பானியக் கடற்படையைத் தோற்கடித்தவர்தான். 1905-இல் இளம் மாலுமியாக டோக்கியோவில் டோகோவைச் சந்தித்த நாளிலிருந்து அவர்மேல் மரியாதை வைத்திருந்தவர். பணம் சேர்ந்தது, பழுது பார்த்தார்கள், 1961 மே 27 அன்று மறுபடி திறந்தார்கள்.

அந்தப் பழுதுபார்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1959-இல் சிலி நாட்டின் பழைய போர்க்கப்பல் அல்மிரான்டே லத்தோர்ரே உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்து வரப்பட்டது. அதன் பாகங்கள் சிலவற்றை மிகாசாவில் பொருத்தினார்கள். அந்தச் சிலிக் கப்பலும் இங்கிலாந்தில் கட்டியதே. முதல் உலகப் போரில் 'கனடா' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்து ஜட்லாண்ட் சண்டைக்குப் போய் வந்தது. ஆக, சுஷிமாவில் சண்டை போட்ட கப்பலின் உடம்பில் ஜட்லாண்ட் கப்பலின் உறுப்பு. எது அசல் என்ற என் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பக்கவாட்டில் சின்னப் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைப்பிடியைச் சுற்றி, கடலில் போகும் படகைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகு பக்கத்துத் துறையிலிருந்து சாருஷிமா தீவுக்குப் பத்து நிமிடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போவது.

ஒரு படிக்கட்டு இறங்கினால் 15 சென்டிமீட்டர் பீரங்கி அறைகள். சண்டை என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது இந்த இடத்தில்தான். தனித்தனி இரும்பு அறை, தனித்தனி பீரங்கி. பொம்மை மாலுமிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒருவன் குண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். எடை 45 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை. ஆடுகிற கப்பலில், புகை நிறைந்த அறையில் அதைத் தூக்கி, திணித்து, சுட்டு, மறுபடி தூக்க வேண்டும். அதே அறையில்தான் தூக்கமும். பீரங்கிக்குப் பக்கத்திலேயே துணித் தொட்டில் கட்டிப் படுப்பார்கள். நான் கையை உயர்த்தினேன், விரல் கூரையைத் தொட்டது. வெளிச்சம் வருவது பீரங்கி வாய் நீட்டிக்கொண்டிருக்கும் துவாரத்தின் வழியாக மட்டும். எதிரியின் குண்டு உள்ளே வருவதற்கும் அதே வழிதான்.

ஜப்பானியக் குண்டுகளுக்குள் இருந்தது ஷிமோசே வெடிமருந்து, அதாவது பிக்ரிக் அமிலம். இரும்பில் நேராகப் பட்டால் ஆபத்தான உப்பாக மாறும் என்பதால் குண்டின் உட்புறத்துக்கு அரக்குப் பூச்சு கொடுத்திருந்தார்கள். பட்ட இடத்தில் உடனே வெடித்துத் தீப்பிடிக்க வைத்தது. சில வேளை சொந்தக் குழாய்க்குள்ளேயே வெடித்தும் தொலைத்தது. ரஷ்யாவோடு நடந்த அதே போரில், 1904 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் கடல் சண்டையில் மிகாசாவின் பின்பக்கப் பெரிய பீரங்கி செயலிழந்தது. அங்கே பொறுப்பில் இருந்த இளவரசர் ஃபுஷிமி ஹிரோயாசு காயம்பட்டார். எதிரியின் குண்டு என்பது அன்றைய கணக்கு. சொந்தக் குண்டு குழாயில் வெடித்தது என்று சொல்லும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. மறுபடி மேலே போய்ப் பின்பக்கப் பீரங்கியை ஒருமுறை சுற்றி வந்தேன். அசல் குழாய் இருந்திருந்தால் அதுவே சாட்சி சொல்லியிருக்கும்.

அடுத்து கட்டளைக் கோபுரம். சண்டையின்போது தலைமை அதிகாரிகள் நிற்பதற்காகச் செய்த இரும்புக் கூண்டு இது. சுவரின் கனத்தைச் சாண் போட்டு அளந்தேன். ஒன்றரைச் சாண். ஏடுகளில் 35.6 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. வெளியே பார்க்க ஒரு நீளமான இடுக்குதான். உள்ளே நின்று பார்த்தால் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது, வானம் தெரியவே இல்லை.

அதற்கும் மேலே திறந்த பாலம். டோகோ சுஷிமா சண்டை நடக்கும்போது நின்றது இங்கேதான், கூண்டுக்குள் அல்ல. தரையில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று குறி பதித்திருக்கிறார்கள். டோகோ, தலைமை அலுவலர் கத்தோ தோமோசாபுரோ, திட்டம் வகுத்த அகியாமா சனேயுகி, கப்பல் தலைவர் இஜிச்சி. எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஒரு குண்டு விழுந்திருந்தால் ஜப்பானியக் கடற்படையின் மூளை மொத்தமும் போயிருக்கும். நான் போன அன்று நல்ல வெயில்தான், ஆனாலும் காற்று தொப்பியைப் பிடுங்கியது. டோகோ அந்த மதியம் முழுதும் அசையாமல் நின்றார், அவர் நகர்ந்த பிறகு அவர் காலடி மட்டும் உலர்ந்திருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வழிகாட்டியும் சொன்னார். நான் அந்தக் குறியின் மேல் நின்று பார்த்தேன். நான்கு பக்கமும் திறப்பு, மறைப்பு என்று எதுவும் இல்லை. அன்று கடல் கொந்தளித்தது என்று அகியாமாவே தந்தியில் எழுதியிருக்கிறார். அந்தத் தெறிப்பில் உலர்ந்த இடம் ஒன்று மிஞ்சியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒளிய இடமில்லாத இடத்தில் அவர் நின்றார் என்பதை மட்டும் முழுசாக நம்ப முடிகிறது.

இந்தப் பாலத்தின் காட்சியை டோஜோ ஷோதாரோ வரைந்த பெரிய ஓவியம் ஜப்பானியர் பலருக்கும் மனப்பாடம். டோகோ நடுவில், மேலே நான்கு வண்ணக் கொடி. முதலில் வரைந்த படம் 1923 நிலநடுக்கத்தின் தீயில் போய்விட்டது. இப்போது இருப்பது அவரே மறுபடி வரைந்தது. படத்திலும் அசல் இல்லை.

1905 மே 27, மதியம் 1.55-க்கு அந்தக் கொடி ஏறியது. 2.05-க்கு டோகோ ரஷ்ய வரிசைக்குக் குறுக்கே கப்பல்களைத் திருப்பினார். எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பவில்லை. முன்னால் போன மிகாசா திரும்பிய அதே இடத்துக்கு வந்துதான் பின்னால் வந்த ஒவ்வொன்றும் திரும்பியது. ரஷ்யப் பீரங்கிக்காரர்களுக்கு இது நிலையான குறி. 2.08-க்கு ரஷ்யத் தலைமைக் கப்பல் சுவோரோவ் சுட ஆரம்பித்தது. 2.10-க்கு, ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் மிகாசா பதில் கொடுத்தது. தலைக்கப்பல் என்பதால் அடி முழுவதும் முதலில் இதற்குத்தான். அன்று வாங்கிய குண்டுகள் 40-க்கு மேல். அதில் பத்து, 12 அங்குலப் பெரிய குண்டுகள். இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் 113 பேர். ஆனால் பால்டிக் கடலிலிருந்து வந்த 38 ரஷ்யக் கப்பல்களில் விளாதிவொஸ்தோக் துறைமுகத்தைத் தொட்டவை மூன்றே மூன்று. ரஷ்யர்களில் ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். ஜப்பான் இழந்தது மூன்று டார்பிடோ படகுகளை.

கீழ்த்தளத்தின் காட்சிக்கூடம் இந்த ஒரு நாளுக்காகவே வாழ்கிறது. வரைபடம், கப்பல் மாதிரிகள், திரைப்படம். வெற்றிச் செய்தி ஆசியா முழுக்கப் பரவியது உண்மைதான். ஹாரோ பள்ளியில் சேர இங்கிலாந்து போன 15 வயது ஜவஹர்லால் நேரு, டோவரிலிருந்து லண்டன் போகும் ரயிலில் இந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார வல்லரசு ஒன்று ஆசிய நாட்டிடம் தோற்ற செய்தி அது. அதே ஜப்பான் சண்டை முடிந்த ஐந்தே ஆண்டில் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துத்தான் அந்த மகிழ்ச்சியைப் படிக்க வேண்டும்.

சுஷிமா முடிந்து, நான் தேடியது அதற்கு அடுத்த மாதங்களை. கொஞ்சம் தேட வேண்டித்தான் இருந்தது. சுஷிமாவுக்குக் கொடுத்த இடத்தோடு பார்த்தால் மிகச் சின்ன இடம். செய்தி இதுதான்: 1905 செப்டம்பர் 5 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 11 பின்னிரவில், சசெபோ துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்ற மிகாசாவில் தீப்பிடித்து வெடிமருந்து அறை வெடித்தது. கப்பல் நின்ற இடத்திலேயே மூழ்கியது. டோகோ அப்போது கப்பலில் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. குறைத்துச் சொல்கிறவர்களே 250-க்கு மேல் என்கிறார்கள்.

கையில் இருந்த நோட்டில் கூட்டிப் பார்த்தேன். 1904 பிப்ரவரியில் போர்ட் ஆர்தர் சண்டையில் காயம்பட்டவர்கள் 7. மஞ்சள் கடலில் இறந்தும் காயம்பட்டும் 125. சுஷிமாவில் 113. மூன்று சண்டையும் சேர்த்து 245. அதில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொண்ட காயக்காரர்கள். போர் முடிந்த பிறகு, கரைக்குப் பக்கத்தில், ஒரே இரவில் இறந்தவர்கள் மட்டும் அதைவிட அதிகம்.

காரணம் இன்றுவரை ஒருமுகமாக முடிவாகவில்லை. மருந்து கெட்டுப்போய்த் தானே பற்றியது என்பது ஒரு கட்சி. மாலுமிகள் எரிசாராயத்தின் நாற்றத்தைப் போக்கிக் குடிப்பதற்காக ரகசியமாகத் தீ மூட்டியதில் வந்த வினை என்பது கடற்படைக்குள் புழங்கிய இன்னொரு பேச்சு. கப்பலைத் தூக்க எடுத்த முயற்சிகள் சில தோற்று, 1906 ஆகஸ்ட் 8 அன்றுதான் மிதக்க வைத்தார்கள். புதுப் பீரங்கி பொருத்தி 1908-இல் பணிக்குத் திரும்பியது. அப்படியானால் சுஷிமாவில் சுட்ட குழாய்கள் 1945-க்கு வெகு முன்பே போய்விட்டன. வழிகாட்டியைத் தேடிப் போய் இதைச் சொன்னேன். "ஆமாம், நீங்கள் கேட்டது சரியான கேள்விதான்" என்று தலையாட்டினார். சசெபோவைப் பற்றி இங்கே வருகிறவர்கள் கேட்பார்களா என்றேன். "அபூர்வம். டோகோ எங்கே நின்றார் என்றுதான் கேட்பார்கள்" என்றார்.

பின்பக்கத்தில் அட்மிரலின் அறைகள். மெருகேற்றிய மரச்சுவர், நீள மேசை, தனிக் குளியல் தொட்டி, அமரத்தில் கடலைப் பார்த்து நடக்க ஒரு தாழ்வாரம். பீரங்கிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிப் படுத்தவர்கள் இருந்த அதே கப்பல்தான். இரண்டுக்கும் நடுவே நடந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

வெளியே வந்து, நிலையத்துக்குப் போகும் வழியில் கடற்படைக் கறி சாப்பிட்டேன். சாதம், மேலே கெட்டிக் குழம்பு, கூடவே சாலட், ஒரு டம்ளர் பால். இந்த ஊர் முறைப்படி பால் கட்டாயம். 1908-இல் கடற்படை அச்சிட்ட சமையல் நூலை ஒட்டிச் செய்வதாகச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படை வழியாக இங்கே வந்த பதார்த்தம். காரம் இல்லை, லேசான தித்திப்பு. நம் நாக்குக்கு ஊறுகாய் தேவைப்படும்.

கப்பலில் எது அசல் என்று கேட்டால் இப்போது என் பதில் இது: உடம்பின் இரும்பு, பாலத்தில் ஒளிய இடமில்லை என்பது. இவை இரண்டையும் தொட்டோ நின்றோ சரிபார்க்கலாம். மற்றதெல்லாம் யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், எதை நினைவில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்து திருப்பி வைத்தது. நீங்கள் போனால் மேல்தளத்துக்கு உடனே ஏறாதீர்கள். முதலில் கீழே போய்ச் சசெபோவைப் பற்றி எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். அதற்குப் பிறகு பாலத்துக்குப் போனால் டோகோவின் கால்குறியும் தெரியும், கப்பலில் செத்தவர்களில் பெரும்பாலோர் அவர் கண் முன்னால் சாகவில்லை என்பதும் தெரியும்.